வாய் திறந்து கேட்ட காசு

கண்டக்டர் தன் வாழ்நாளில் யாரிடமும் வாய் திறந்து காசு கேட்டதில்லை. ஒரே ஒரு முறை கேட்டார். அவர் போன பிறகு வீட்டில் யாராவது அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் அந்த ஒரு முறையில்தான் வந்து நிற்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர்களும் சிரித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்கள்.

பஸ்ஸில் கண்டக்டராக இருந்துகொண்டு காசு கேட்காமல் எப்படிக் காலம் தள்ளினார்? நியாயமான கேள்விதான். அவருக்கென்று ஒரு வித்தை இருந்தது. டிக்கெட் எடுக்காத ஆளுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். அவனைப் பார்க்க மாட்டார், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். தோளில் தொங்கும் தோல் பையை இடுப்பால் லேசாக ஓர் இடி இடிப்பார். உள்ளே சில்லறை குலுங்கும். "இந்த வருஷம் வெயில் தாங்கல" என்பார், பஸ்ஸின் கூரையிடம். அவ்வளவுதான். தூங்குகிற மாதிரி நடித்தவனுக்குக்கூடக் கை தானாகச் சட்டைப் பைக்குள் போகும். குலுக்கலுக்கும் அசையாத கல்லுளிமங்கன் எப்போதாவது ஏறுவான். அவனுக்கான டிக்கெட்டைத் தன் காசில் கிழித்து, அவன் கையில் திணித்துவிட்டு, அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவார்.

"கேட்டு வாங்கறதுக்கு நான் என்ன பிச்சையா எடுக்கறேன்?" என்பது அவர் கட்சி.

"சம்பளத்தைப் போட்டு ஊரையே ஏத்திட்டுப் போறதுக்கு நீங்க என்ன மகாராஜாவா?" என்பது அவர் மனைவியின் கட்சி.

பஸ்ஸில் செல்லுபடியான வித்தை தெருவில் செல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் ஏணியை இரவல் வாங்கிக்கொண்டு போனவர் திருப்பித் தரவே இல்லை. கண்டக்டர் வாரம் தவறாமல் அங்கே போய் உட்கார்ந்து, காற்று, மழை, உடம்பு எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, ஏணி சாத்தியிருக்கும் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். எதிர்வீட்டுக்காரரும், "பாவம், மனுஷருக்கு நம்ம மேல எவ்வளவு பாசம்" என்று உருகிப்போய், ஒரு நாள் கடப்பாரையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கேட்கத் தெரியாதவருக்கு மறுக்கவும் தெரியாது. அந்த வியாதியின் இன்னொரு பக்கம் அது. மனைவியின் தம்பி டைல்ஸ் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் குரல் மட்டும் எப்போதும் லாரியில் சரக்கு இறக்குகிற குரல். கண்டக்டர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் வந்து உட்கார்ந்தார்.

"அத்தான், கடையில கணக்கு எழுதற பொண்ணு கல்யாணம் ஆகிப் போகுது. ஒண்ணாந் தேதியிலேருந்து நம்ம பாப்பா வந்து உக்காரட்டும். மாசாமாசம் கையில சம்பளம். மேல ரூமுல மெத்தையைக் கட்டிக்கிட்டு என்ன வேலை அது? திருடன் மாதிரி காதை மூடிக்கிட்டு!"

அந்த மேல் அறைதான் கண்டக்டரின் ஒரே மகளுடைய உலகம். ஒலியைச் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. யாராவது பேசியோ வாசித்தோ பதிவு செய்து அனுப்புவார்கள். அதில் நாய் குரைக்கும், நாற்காலி முனகும், பேசுகிறவர் எச்சில் விழுங்குவார், தலைக்கு மேலே விமானம் போகும். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பாள், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. ஸ்பீக்கரில் போட்டு எதிரொலி இல்லாமல் கேட்டுச் சரிபார்ப்பதற்காகச் சுவரில் பழைய மெத்தையைச் சாத்தி, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தாள். மின்விசிறியும் ஓடாது. வெளியே வரும்போது குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். ஆனால் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். அவள் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு அந்தத் திருப்திதான் அவளை நிற்க வைத்தது. டைல்ஸ் கடை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

கண்டக்டர் மகள் போன திசையைப் பார்த்தார். மைத்துனரின் முகத்தைப் பார்த்தார். "அதுக்கென்ன மச்சான், அனுப்பிட்டாப் போச்சு" என்றது அவர் வாய்.

அன்று வீட்டில் நடந்த சண்டையை விவரிக்க வேண்டியதில்லை. முடிவில் டைல்ஸ்காரரே ஒரு சமரசம் சொன்னார். பாப்பாவுக்குப் புதிதாக ஒரு வெளிநாட்டு வேலை வந்திருக்கிறதாமே, அந்தப் பணம் மாதக் கடைசிக்குள் வந்துவிட்டால் அவள் இஷ்டப்படி மேல் அறையிலேயே இருக்கலாம். வராவிட்டால் ஒன்றாம் தேதி காலையில் கடையில் இருக்க வேண்டும். "பேச்சு மாறக் கூடாது அத்தான்." "மாறுமா மச்சான்?" என்றது மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன வாய்.

அந்த வெளிநாட்டு ஆள், தேனீ வளர்க்கிற ஒரு பெரியவர். தேனீக்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதி, அதைத் தானே வாசித்துப் பதிவும் செய்திருந்தார். பழைய கம்பெனியில் கூட இருந்த ஒருத்தி மகளைக் கைகாட்டி விட்டிருந்தாள். கூலி இவ்வளவு என்று மகள் முதலிலேயே எழுதினாள். 'சரி, முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தது. முன்பணம் கேட்கலாமா என்று அவள் யோசித்தபோது கண்டக்டர்தான் தடுத்தார். "பஸ்ஸுல காலை வைக்கும்போதே கையை நீட்டினா பயணிக்கு மூஞ்சி சுண்டிப்போகும்மா."

பெரியவர் தேனீப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு மரக்கொட்டகையில் உட்கார்ந்து வாசித்திருந்தார். அதனால் புத்தகம் முழுக்க ஒரே ரீங்காரம். மகள் வியர்த்து வழிந்து அத்தனை தேனீயையும் விரட்டிவிட்டு, முதல் அத்தியாயத்தை அனுப்பினாள். 'அருமை. ஆனால் தேனீக்கள் எங்கே? கொஞ்சம் திரும்ப வரட்டும்' என்று எழுதினார் அவர். விரட்டியதில் பாதியைத் திரும்பக் கூப்பிட்டாள். இப்படியாக வேலை முடிந்து, மொத்தப் புத்தகமும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கூட வேலை பார்த்தவள் போனில் தலையில் அடித்துக்கொண்டாள். "முழுசா குடுத்துட்டியா? கடைசி அத்தியாயத்தையாவது கையில வச்சிருக்கக் கூடாதா?"

நாட்கள் போயின. பணத்தைக் காணோம்.

"கேட்டியாடி?" என்றாள் தாய்.

"கேக்கணும்மா."

"கேக்கணுமா? இன்னும் கேக்கவே இல்லையா? சும்மாவா சொன்னாங்க, அப்பன் பொண்ணுன்னு!"

உள்ளூர் ஆட்கள் வேலை முடிந்ததும் போனிலேயே பணத்தைத் தட்டிவிடுவார்கள். கம்பெனியில் இருந்தபோது பில், வசூல் எல்லாம் வேறு யாரோ பார்த்தார்கள். அதனால் மகள் தன் கையால் ஒரு பில் எழுதியதே இல்லை. அப்படி ஒன்றை எழுத வேண்டும் என்றும் தோன்றவில்லை. 'பணம் அனுப்பவும்' என்று தட்டுவாள், அழிப்பாள். மறுபடி தட்டினால் அது இன்னும் கடுமையாகத் தெரியும். அதையும் அழிப்பாள்.

"அவ எதுக்குக் கேக்கணும்?" என்று கண்டக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "புத்தகம் எழுதற அளவுக்குப் பெரிய மனுஷன். நாம கோடு போட்டா அவரு ரோடு போட்டுருவாரு. நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல எழுது."

"என்ன எழுதணும்ப்பா?"

"நலம். நலமறிய ஆவல். இங்க மழை பெய்யுது. அவ்வளவுதான்."

"இதுல பணம் எங்கப்பா இருக்கு?"

"மழைன்னா செலவு இருக்கும்னு அவருக்குத் தெரியாதா? பையைக் குலுக்கியாச்சும்மா. இனி பாரு."

மறுநாளே பதில் வந்தது. கண்டக்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மழையைப் பற்றி எழுதியதற்கு நெஞ்சார்ந்த நன்றி, இங்கேயும் மழைதான், மழைக்காலத்தில் தேனீக்கள் பெட்டியை விட்டு வெளியே வராமல் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு கிடக்கும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். பணம் என்ற வார்த்தை இல்லை.

"பாதி புரிஞ்சிருக்கு" என்றார் கண்டக்டர். "இன்னொரு குலுக்கு போதும்."

இரண்டாவது மெயிலில், மழையில் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று எழுதச் சொன்னார். அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நான் இத்தனை வருஷமா வாளியை வச்சுக்கிட்டுக் கத்தறேன், அப்பல்லாம் ஒழுகல. வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டணும்னதும் ஒழுகுதாக்கும்!"

கூரைக்கும் பதில் வந்தது. பெரியவர் தன் கையாலேயே ஒரு படம் வரைந்து, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். ஓடு எங்கே விலகியிருக்கும், எதை நகர்த்த வேண்டும், எதை வைத்துப் பூச வேண்டும் என்று அம்புக்குறி போட்டு விளக்கம். கொட்டகை கட்டிய அனுபவமாம். கண்டக்டர் படத்தைப் பார்த்தார், அண்ணாந்து கூரையைப் பார்த்தார். எதிர்வீட்டில் சாத்தியிருக்கும் தன் ஏணியையும் ஜன்னல் வழியாகப் பார்த்தார். போய்க் கேட்பதற்குக் கூச்சம். மேசை மேல் நாற்காலியைப் போட்டு, மனைவி ஒரு காலையும் மகள் ஒரு காலையும் பிடித்துக்கொள்ள, சாமியைக் கும்பிட்டுவிட்டு ஏறினார். படத்தில் இருந்தபடியே செய்தார். வீடு கட்டிய நாளிலிருந்து நிற்காத ஒழுகல் அன்றோடு நின்றது.

அங்கேதான் சிக்கல் முற்றியது.

"இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவருகிட்டக் காசு கேக்கறது?" என்றார் இறங்கி வந்து. "கூரையையே சரி பண்ணிக் குடுத்திருக்காரு மனுஷன்."

"சரி பண்ணினது நீங்க. நாற்காலியைப் பிடிச்சது நாங்க. அந்தாளு படந்தானே போட்டாரு?"

"அது போதாதா? கூடப் பொறந்தவன் போடுவானா அந்தப் படத்தை?"

"என் தம்பியைத்தானே சொல்றீங்க? சொல்லுங்க, சொல்லுங்க."

மூன்றாவது மெயிலில் விலைவாசி உயர்வு போனது. தேனுக்குத்தான் விலையே இல்லை என்று அங்கிருந்து பெருமூச்சு வந்தது. கூடவே, குளிரில் முட்டி வலிக்கிறது என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரியில் வீடே கவிழ்ந்துவிட்டது. அதுவரை எதிர்க்கட்சியாக இருந்த மனைவியே, "வெந்நீர்ப் பையை வைக்கச் சொல்லுடி. மாடிப்படி ஏற வேணாம்னு சொல்லு" என்று நடுவில் நுழைந்தாள். கண்டக்டருக்கும் வலது முட்டியில் பல வருடமாகத் தொந்தரவு. நின்றே பிழைத்த பிழைப்பு. தன் முட்டியின் முழு வரலாற்றையும் சொல்லி எழுத வைத்தார். எழுதி முடித்தபோது மகள் கேட்டாள்:

"இதுல பணத்துக்கு எதாவது..."

"சே! வலியில இருக்கற மனுஷன்கிட்டயா?"

அதன் பிறகு அங்கிருந்து பதில் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், வாரம் ஒன்று போய்விட்டது. காலண்டரில் மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

"முட்டின்னு சாதாரணமா நினைச்சுட்டோமோ? கீழே விழுந்திருப்பாரோ? தனியா இருக்கறவரோ என்னமோ?"

"முட்டி வலியில யாருங்க செத்தா?" என்றாள் மனைவி. ஆனால் அவளும் அன்று இரண்டு முறை, "மெயிலு வந்துச்சா?" என்று மாடிப்படியில் நின்று கேட்டாள்.

டைல்ஸ்காரர் வந்து நிலவரம் கேட்டார். கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அத்தான், பயணி பின்வாசல் வழியா இறங்கிட்டான்! நீங்க இன்னும் முன்வாசல்ல நின்னுக்கிட்டு வெயில் தாங்கலங்கறீங்க. பாப்பா, ஒண்ணாந் தேதி காலையில வந்துரு. உனக்குன்னு புது நாற்காலி போட்டிருக்கேன், சுத்தற நாற்காலி."

அன்று சாயங்காலம் மகள் சுவரிலிருந்த மெத்தையை மெல்லக் கழற்ற ஆரம்பித்தாள். அவள் தாய் அதைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து, காரணமில்லாமல் பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

அடுத்த நாள் மத்தியானம் மகளின் கம்ப்யூட்டரில் அழைப்பு வந்தது. பெரியவரின் பெயர் தெரிந்தது, ஆனால் திரையில் வந்தது ஒரு நடுவயதுப் பெண். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தாள். பின்னால் ஃபிரிட்ஜின் கதவில் காகிதங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. மகள் போட்ட சத்தத்தில் கண்டக்டர் பனியனோடு ஓடி வந்து, திரும்ப ஓடிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"யாரும்மா?"

"தேனீக்காரரோட பொண்ணுப்பா."

"ஐயையோ! பெரியவருக்கு என்ன ஆச்சு? உசுரோட இருக்காரான்னு கேளு முதல்ல!"

மகள் கேட்டாள். அந்தப் பெண்ணின் கண் சுருங்கியது. ஏதோ சொன்னாள்.

"என்னம்மா சொல்றா?"

"'நல்லாத்தான் இருக்கார், அதுல உங்களுக்கு என்ன ஆதாயம்?'னு கேக்கறா."

கண்டக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பெண் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். பின்னால் ஒட்டியிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினாள். மகளின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நடுநடுவே திரும்பி, விட்டு விட்டுச் சொன்னாள்.

"நாம எழுதினதையெல்லாம் அவர் பிரிண்ட் எடுத்து ஒட்டி வச்சிருக்காராம்... வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் படிச்சுக் காட்டறாராம்... அவ இப்பத்தான் ஊர்லேருந்து வந்து பாத்தாளாம். 'முதல்ல மழை. அப்புறம் கூரை ஒழுகுது. அப்புறம் விலைவாசி. அப்புறம் முட்டி வலி. ஒவ்வொண்ணுலயும் ஒரு கஷ்டம். அடுத்தது என்ன, கூரை இடிஞ்சு விழுந்துடுச்சு, உடனே பணம் அனுப்புங்கன்னுதானே?'ங்கறா. அவங்க பக்கத்து வீட்டுல ஒரு பாட்டிய இப்படித்தான் பேசிப் பேசியே ஏமாத்திட்டாங்களாம். அதான் பதில் போட வேணாம்னு அவரைத் தடுத்து வச்சிருக்காளாம். நம்மளைத் திருடங்கங்கறாப்பா."

கண்டக்டர் விறைத்துப் போனார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். தன்னுடைய கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"இத்தனை நாள்ல நாம ஒரு தடவையாவது காசு கேட்டோமான்னு கேளு! ஒரு தடவை!"

மகள் கேட்டாள். பதில் சுடச்சுட வந்தது.

"'அதனாலதான் சந்தேகமே'ங்கறாப்பா. 'நேர்மையா வேலை செஞ்ச ஆளு மறுநாளே பில் அனுப்புவான். எங்கப்பா பில் எங்க, பில் எங்கன்னு காத்துக்கிட்டே இருந்தாரு. ராப்பகலா வேலை செஞ்சுட்டு காசே கேக்காம முட்டியை விசாரிக்கறவன் யாரு? திருடன்தான்'ங்கறா."

வாசலில் நின்றிருந்த மனைவி எதையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு முகத்தில் எழுதியிருந்தது.

ஒரு வாழ்நாளின் கொள்கையை யாரோ எங்கிருந்தோ ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துப் போட்டதைக் கண்டக்டர் உட்கார்ந்து யோசித்துப் பார்த்திருக்கலாம். அவர் பார்த்தது மகளின் கையை. ஹெட்போனின் வயரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள், நுனி சிவந்து போகும் அளவுக்கு. அவளுக்குப் பின்னால் சுவரில் மெத்தை பாதி கழன்று தொங்கியது.

கண்டக்டர் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு அவருக்கு வசூல் வேலை பார்த்துப் பழக்கமில்லை. திரைக்கு அருகில் குனிந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. மேல் உதட்டில் வியர்வை.

"மேடம்" என்றார். "ஒர்க் ஃபினிஷ். மணி... மணி கொடுங்க."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், பட்டாசு கொளுத்தியவர் மாதிரி.

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி மறுபடி பார்த்தாள். அவள் தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மகள் மொழிபெயர்க்கும் முன் தானே சிரிக்க ஆரம்பித்தாள்.

"'அப்பாடா'ங்கறாப்பா. 'இதை முதல் மெயில்லயே சொல்லியிருக்கக் கூடாதா?'ங்கறா."

அதற்குள் பக்கவாட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாடி திரைக்குள் நுழைந்தது. பெரியவர்! முட்டியைத் தட்டிக் காட்டி, கையை ஆட்டினார். கண்டக்டரும் தன் முட்டியைத் தட்டிக் காட்டினார். இருவருக்கும் பொதுவான மொழி அது ஒன்றுதான். மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து, "வெந்நீர்ப் பை வச்சாரான்னு கேளுடி" என்றாள்.

பில் அங்கேயே, அப்போதே தயாரானது. எந்த வரியில் என்ன எழுத வேண்டும் என்று அந்தப் பெண்ணே திரையிலிருந்து சொல்லிக் கொடுத்தாள். தொகையைத் தட்டும் இடம் வந்தபோது கண்டக்டர் மகளின் தோளைத் தொட்டார்.

"கூரைக்குப் படம் போட்டுக் குடுத்தாரே, அதுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கோம்மா."

"கழிச்சீங்க, நான் இப்பவே அந்தக் கூரை மேல ஏறி ஓட்டையைத் திறந்து விட்டுருவேன்!" என்றாள் மனைவி. கழிக்கவில்லை.

ஆனால் பில் போவது வேறு, பணம் வருவது வேறு. அங்கிருந்து அனுப்பியாயிற்று, நடுவில் எந்த வங்கியில் எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது, இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். ஒன்றாம் தேதி அதற்காகக் காத்திருக்கவில்லை. வந்துவிட்டது. பேச்சுப்படி பார்த்தால் பாப்பா கடையில் இருக்க வேண்டும்.

காலையில் மகள் தலை வாரிக்கொண்டு, கைப்பையோடு கீழே இறங்கி வந்தாள். வீட்டில் அப்பாவைக் காணோம். கண்டக்டர் அவளுக்கு முன்னாலேயே டைல்ஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

கடையில் புது நாற்காலி பாலிதீன் உறை பிரிக்காமல் இருந்தது. டைல்ஸ்காரர் டீ வரவழைத்தார். கண்டக்டர் டீயைக் குடித்தார். மழை விட்டதைப் பற்றிச் சொன்னார். குளியலறைக்கு வழவழப்பு டைல்ஸ் நல்லதா, சொரசொரப்பு நல்லதா என்று விசாரித்தார். மைத்துனரின் சர்க்கரை அளவைக் கேட்டார். பிறகு சுழல் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார்.

டைல்ஸ்காரர் பெருமூச்சோடு கல்லாவைத் திறந்தார்.

"எவ்வளவு வேணும் அத்தான்? நமக்குள்ள என்ன, சுத்தி வளைக்காம சொல்லுங்க."

கண்டக்டர் திடுக்கிட்டார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"காசு வேணாம் மச்சான். பாப்பா வரமாட்டா."

"பணம் வந்துருச்சா?"

"வரல."

"அப்ப பேச்சு?"

"பேச்சு பேச்சுதான். மாறினது நான். அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும், சொல்லத் தெரியல. இப்பச் சொல்றேன். அவளுக்கு அந்த ரூமுதான். இந்த மாசம் பணம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

டைல்ஸ்காரர் கல்லாவை மூடினார். கொஞ்ச நேரம் அக்கா வீட்டுக்காரரை ஏதோ புது ரகச் சரக்கைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு லாரி இறக்கியது. வாக்குத் தவறுவது, நன்றி மறப்பது, படித்த பெண்ணைப் பாழாக்குவது எல்லாம் தெருமுனை வரை கேட்டது. கண்டக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தையைக்கூட மறுக்கவில்லை, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. மூச்சு வாங்கிய இடைவெளியில் டைல்ஸ்காரர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அது சரி அத்தான். வெளிநாட்டுக்காரிகிட்டயே நேருக்கு நேரா காசு கேட்டீங்களாமே. அக்கா சொன்னா. எனக்கு ஒரு மேஸ்திரி நெடுநாளா இழுத்தடிக்கறான். நீங்க ஒரு எட்டு வந்து..."

கண்டக்டர் எழுந்தேவிட்டார். "வீட்டுல அடுப்புல பால் வச்சுட்டு வந்திருக்கேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு, வலிக்கிற முட்டியோடு அவ்வளவு வேகமாக அவர் நடந்ததை அந்தத் தெரு அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கப்பா போனீங்க? எனக்கு நேரமாச்சு."

"எங்கயும் போக வேணாம். மாமாகிட்டச் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நீ வரமாட்டேன்னு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களா? நேரா அப்படியே சொன்னீங்களா?"

"கொஞ்சம் டைல்ஸ் பத்திப் பேசிட்டுச் சொன்னேன்."

"பணம் வராமலே போயிருச்சுன்னா?"

"வராட்டி இன்னொரு ஆளுக்கு வேலை செய். அவருகிட்ட வாங்கு. இப்பத்தான் உனக்குப் பில் போடத் தெரியுமே." சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டார். "நீ மேல போ. அந்த மெத்தையைப் பிடிக்க ஆள் வேணும்னா கூப்பிடு."

அவள் கைப்பையைப் படியிலேயே விட்டுவிட்டு மேலே போனாள். சற்று நேரத்தில் அவரும் ஒவ்வொரு படியாக ஏறிப் போனார். கழன்று கிடந்த மெத்தையின் ஒரு முனையை அவர் தூக்கிப் பிடித்தார், மறுமுனையை அவள் ஆணியில் மாட்டினாள். பணம் வந்து சேர இன்னும் ஒரு வாரம் இருந்தது. அது வரும் என்று இருவருக்குமே அப்போது நிச்சயமாகத் தெரியாது.

"கோணலா இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"லேசா. இருக்கட்டும்" என்றார் கண்டக்டர்.